ஆய்வுக்கு வருமுன் எங்கள் பதிவேட்டைப் பாருங்கள்

ஜனவரி பிறந்துவிட்டால் எங்கள் மையத்துப் படிக்கட்டில் மாணவர்களின் காலடிச் சத்தம் கேட்கத் தொடங்கும். சமூகப் பணி படிப்பவர்கள், குற்றவியல் படிப்பவர்கள், உளவியல் படிப்பவர்கள். கையில் துறைத் தலைவரின் கடிதம், பையில் நகலெடுத்த கேள்வித்தாள் கட்டு. "மேடம், பேட்டிக்கு முப்பது பேர் கிடைத்தால் போதும்" என்பார்கள். ஏப்ரலுக்குள் ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டுமே என்ற பதற்றம் முகத்திலேயே தெரியும்.

குடும்ப வன்முறையாலும் பாலியல் குற்றங்களாலும் பாதிக்கப்பட்டவர்களுக்குத் துணைநிற்கும் ஒரு சிறிய மையத்தில், சென்னையில், பதினான்கு ஆண்டுகளாக ஆலோசகராக இருக்கிறேன். அந்த முப்பது பேருக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆய்வு செய்கிறவர்களும் எங்களைப் போன்ற மையங்களும் சேர்ந்து வேலை செய்வது எப்படி என்பதை நான் கற்றுக்கொண்டது பாதி நல்ல அனுபவத்தால், பாதி தவறுகளால்.

பெரிய தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. பெரம்பூர்ப் பக்கத்திலிருந்து 29சி பிடித்து ஓர் அம்மா வந்திருந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். தனக்கு நடந்ததை அவர் காவல் நிலையத்து வரவேற்பில் ஒருமுறை, காவல் ஆய்வாளரிடம் ஒருமுறை, மருத்துவரிடம் ஒருமுறை, என்னிடம் ஒருமுறை சொல்லி முடித்திருந்தார். அன்று வந்திருந்த மாணவியிடம் அவரை நான்தான் அனுப்பினேன். பதினொரு பக்கக் கேள்வித்தாள். நான்காம் பக்கத்தில் அந்த அம்மா நிமிர்ந்து, "ஏன் பாப்பா, இதையெல்லாம் சொன்னால் எனக்கு ஜீவனாம்சம் சீக்கிரம் கிடைக்குமா?" என்று கேட்டார். மாணவி என்னைப் பார்த்தாள். எனக்கும் பதில் வரவில்லை. அந்த அம்மா மறுபேச்சில்லாமல் மீதி ஏழு பக்கத்தையும் முடித்துக்கொடுத்துவிட்டுப் போனார். மறுத்தால் நாங்கள் வழக்குக்கு உதவ மாட்டோம் என்று பயந்துதான் பதில் சொன்னாராம். அது எனக்குத் தெரிய மூன்று மாதம் ஆனது. அவர் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் அந்த ஆய்வேட்டின் பின்னிணைப்பில் முறையாக இருக்கிறது.

இப்படி இன்னொருவருக்கு நடக்கக் கூடாது. அதற்கு என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.

முதல் மாதம் கேள்வித்தாள் வேண்டாம்

வந்து உட்காருங்கள். பதினொரு மணிக்கும் ஒரு மணிக்கும் இடையில் எங்கள் பெஞ்சு நிறைந்திருக்கும். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, சமையலை முடித்துவிட்டு, மூன்று மணிக்குள் வீடு திரும்பியாக வேண்டியவர்கள் அவர்கள். அந்த நேரத்தில் ஒருவரை நாற்பத்தைந்து நிமிடம் நேர்காணலுக்கு உட்காரவைத்தால், அவர் வந்த வேலை நடக்காது. இது எந்த ஆய்வு முறையியல் வகுப்பிலும் கிடைக்காது. பெஞ்சில் ஒரு வாரம் உட்கார்ந்தால் கிடைத்துவிடும்.

பிறகு எங்கள் பதிவேட்டைப் பாருங்கள். பெயர், முகவரிப் பத்திகளை மறைத்துத் தருவோம். நீள நோட்டில் கையால் எழுதியது. பலபேர் எழுதியது என்பதால் பல கையெழுத்து, பல பழக்கம். நான்கு ஆண்டுகளுக்கு முன் வந்த ஓர் ஆராய்ச்சி மாணவர் அதை மூன்று நாள் பொறுமையாகப் படித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "இந்த எண்ணிக்கை வந்தவர்களுடையதா, வருகைகளுடையதா?" நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒரே பெண் ஐந்து முறை வந்தால் சிலர் ஐந்து வரி எழுதியிருந்தோம். சிலர் பழைய வரியின் ஓரத்தில் தேதியை மட்டும் சேர்த்திருந்தோம். ஆண்டறிக்கையில் நாங்கள் பெருமையாகப் போட்ட எண் எதைக் குறித்தது என்பது எங்களுக்கே தெரியாது. அவரோடு உட்கார்ந்து பதிவேட்டின் தலைப்புப் பத்திகளை மாற்றி வரைந்தோம். ஆய்வு தொடங்கும் முன்பே எங்களுக்குக் கிடைத்த பலன் அது.

எண்களைப் பற்றி இன்னொன்று. "எத்தனை பேர் புகார் கொடுத்தார்கள்?" என்று கேட்டால், எந்தப் புகார் என்று நாங்கள் திருப்பிக் கேட்போம். மனுவைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையத்தில் தரும் சி.எஸ்.ஆர். ரசீது வேறு, வழக்குப் பதிவானதைக் காட்டும் முதல் தகவல் அறிக்கை (எஃப்.ஐ.ஆர்.) வேறு. சி.எஸ்.ஆர். ரசீதைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டு, வழக்கு நடக்கிறது என்று மாதக்கணக்காக நம்பியிருக்கும் பெண்களை எனக்குத் தெரியும். கேள்வித்தாளில் "புகார் அளித்தீர்களா? ஆம், இல்லை" என்று இருந்தால் இருவகையினரும் "ஆம்" என்ற ஒரே கட்டத்துக்குள் விழுந்துவிடுவார்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கிலும் இப்படி ஒரு பொறி உண்டு. ஒரே முதல் தகவல் அறிக்கையில் பல குற்றங்கள் இருந்தால், கடுமையான தண்டனைக்குரிய ஒன்றை மட்டுமே அது எண்ணும். காவல் நிலையத்துக்கே போகாதவர்கள் அந்தக் கணக்கில் எங்குமே இல்லை. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், உடல் வன்முறைக்கோ பாலியல் வன்முறைக்கோ ஆளான பெண்களில் நாடு முழுவதும் 14 விழுக்காட்டினர்தான் யாரிடமாவது உதவி தேடியிருந்தார்கள். எங்கள் பெஞ்சுக்கு வருகிறவர்கள் அந்தச் சிறு கூட்டத்திலும் ஒரு சிறு பகுதி. எங்களிடம் பேட்டி எடுத்துவிட்டு "சென்னைப் பெண்கள்" என்று தலைப்பு வைக்காதீர்கள்.

கேள்வியைச் சேர்ந்து உருவாக்குங்கள்

"உங்களுக்கு என்ன தெரிந்தால் வேலை எளிதாகும்?" என்று எங்களிடம் கேளுங்கள். பதினான்கு ஆண்டுகளில் இதைக் கேட்டவர்களை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். எங்களை வெகுநாளாக அரித்துக்கொண்டிருந்த கேள்வி ஒன்று இருந்தது. முதல்முறை வந்து மனம்விட்டு அழுது பேசிய பெண்களில் பலர் ஏன் இரண்டாம் முறை வருவதில்லை? சமாதானமாகிவிட்டார்களா, நாங்கள் சொன்னது பிடிக்கவில்லையா, வீட்டில் அடைத்துவைத்துவிட்டார்களா? பதிவேட்டை மாற்றி வரைந்த அதே மாணவர் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார். கடிதம் கொடுத்துக் காவல் நிலையத்துக்குத் தனியே அனுப்பியவர்களையும், எங்களில் ஒருவர் கூடப் போனவர்களையும் பிரித்துப் பார்த்தார். நாங்கள் துணைக்குப் போன பெண்கள் திரும்ப வந்தார்கள். கடிதத்தோடு அனுப்பப்பட்டவர்கள்தான் பெரும்பாலும் காணாமல் போயிருந்தார்கள். நாங்கள் உள்ளுக்குள் சந்தேகப்பட்டதுதான். ஆனால் தாளில் வரிசையாகப் பார்த்த பிறகுதான், வாரத்தில் மூன்று நாள் ஒருவரை வெளிவேலைக்கு மட்டும் ஒதுக்கும்படி நிர்வாகத்திடம் துணிந்து கேட்க முடிந்தது. கொடுத்தார்கள்.

ஒப்பிட்டுப் பார்ப்பது பற்றிக் கேட்பீர்கள். பாதிப்பேருக்கு உதவியைக் கொடுத்து, மீதிப்பேருக்கு நிறுத்திவைத்து வித்தியாசத்தை அளக்கலாம் என்று ஒரு திட்டம் எங்களிடம் வந்தது. உயிருக்கு அஞ்சி வருகிறவரை அப்படி நிறுத்திவைக்க முடியாது, மறுத்துவிட்டோம். ஆனால் புதிதாக ஒரு சேவை தொடங்கும்போது ஆள் பற்றாக்குறையால் அதை ஒரு பகுதியில் முதலிலும் இன்னொரு பகுதியில் ஆறு மாதம் கழித்தும்தான் தொடங்கப்போகிறோம் என்றால், அந்த இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். அதனால் யாருக்கும் எதுவும் குறையாது.

தாளில் எழுதிக்கொள்ள வேண்டியவை

புரிந்துணர்வு ஒப்பந்தம் என்றதும் மிரள வேண்டாம். இரண்டு பக்கம் போதும். தகவல் யார் கையில் இருக்கும், எத்தனை நாள் இருக்கும், வரைவை யார் எப்போது படிப்பார்கள், கட்டுரையில் யார் பெயர் வரும், எங்கள் ஊழியர் செலவிடும் நேரத்துக்கு என்ன ஈடு, வருகிறவர்களின் ஆட்டோச் செலவு யாருடையது, பேட்டி நடக்கும் நேரத்தில் குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள். இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். நிதி கேட்டு விண்ணப்பம் எழுதும்போதே எங்களைக் கூப்பிடுங்கள். பணம் வந்த பிறகு கூப்பிட்டால், எங்கள் ஆலோசகரின் நேரத்துக்கு அதில் ஒரு ரூபாய்கூட ஒதுக்கப்பட்டிருக்காது.

ஒரு வரியில் மட்டும் மையத்தில் இருக்கும் என் தோழிகளோடு நான் வாதாடுவதுண்டு. வரைவைப் படித்துத் தகவல் பிழையைத் திருத்தும் உரிமையும், யாரையாவது அடையாளம் காட்டிவிடும் வரியை நீக்கச்சொல்லும் உரிமையும் நமக்கு வேண்டும். முடிவு நமக்குச் சாதகமாக இல்லை என்பதற்காக அதை மறைக்கும் உரிமை நமக்கு இருக்கக் கூடாது. கடிதம் கொடுத்து அனுப்பியது தோற்றது என்று தெரிந்ததால்தான் நாங்கள் மாறினோம். பயத்தால் எல்லா ஆய்வாளரையும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும் மையங்களும் உண்டு. அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. அதில் பாதிக்கு மேல் ஒப்பந்தத்தில் எழுதித் தீர்த்துக்கொள்ளக்கூடியது.

பாதிக்கப்பட்ட பெண்களுக்காக அரசு நடத்தும் ஒருங்கிணைந்த சேவை மையத்திலோ குழந்தைகள் இல்லத்திலோ ஆய்வு என்றால், துறையின் அனுமதிக்கே மாதங்கள் ஆகலாம். ஆய்வில் பங்கேற்பவர்களுக்குத் தீங்கு வராதா என்று பார்க்கும் உங்கள் கல்லூரி நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் தனி. இரண்டையும் முன்கூட்டியே தொடங்கிவிடுங்கள்.

கேட்கும்போது

சேவை வேறு, ஆய்வு வேறு என்று அந்தப் பெண்ணுக்குப் புரிய வேண்டும். இதற்கு நாங்கள் இப்போது கடைப்பிடிக்கும் முறை எளிது. அவரைப் பார்த்துக்கொள்ளும் ஆலோசகர் ஆய்வுக்கு அழைப்பதில்லை, இன்னொருவர்தான் அழைப்பார். அதுவும் அன்றைய வேலை முழுதும் முடிந்து, அவர் பையை எடுத்த பிறகுதான். "வேண்டாம்" என்று சொல்பவர் யார், "சரி" என்று சொல்பவர் யார் என்பது ஆலோசகருக்குச் சொல்லப்படாது.

கையெழுத்தைப் பற்றி யோசியுங்கள். புகுந்த வீட்டில் வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கப்பட்ட பெண்கள் எங்களிடம் வருகிறார்கள். பேனாவை நீட்டினாலே அவர்கள் கை பின்வாங்கும். நெறிமுறைக் குழுவிடம் முன்னதாகவே எடுத்துச்சொன்னால், சாட்சியோடு வாய்மொழி ஒப்புதல் பெற வழி உண்டு. தகவல் தாளை வீட்டுக்குக் கொடுத்தனுப்பாதீர்கள். அதன் தலைப்பில் "குடும்ப வன்முறை ஆய்வு" என்று இருந்து, அது மாமியார் கையில் கிடைத்தால் என்ன ஆகும்? உலக சுகாதார நிறுவனம் 2001இல் வெளியிட்ட நெறிகளே, இத்தகைய ஆய்வுக்கு வெளியில் பொதுவான ஒரு பெயர் வையுங்கள் என்றுதான் சொல்கின்றன. "பெண்கள் நலம்" என்பதுபோல எதையாவது வையுங்கள். வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பவே கூடாது. எந்த நேரத்தில் கூப்பிடலாம், வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்லி வைக்க வேண்டும் என்பதை அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒருவர் "ரேஷன் கார்டு விஷயம் என்று சொல்லுங்கள்" என்றார். இன்றுவரை எங்கள் நோட்டில் அவருக்கு நேரே "ரேஷன்" என்றுதான் இருக்கிறது.

அடுத்தது மொழி. ஆங்கிலக் கேள்வித்தாளைத் தமிழாக்கிக்கொண்டு வருகிறீர்கள். "கடந்த ஓராண்டில் வீட்டில் வன்முறையை எதிர்கொண்டீர்களா?" என்று மாணவி கேட்டாள். "அதெல்லாம் இல்லை, அவர் கோபம் வந்தால் கை நீட்டுவார், அவ்வளவுதான்" என்று பதில் வந்தது. அவள் "இல்லை" என்ற கட்டத்தில் குறியிட்டாள். வன்முறை என்பது செய்தித்தாளில் வரும் சொல். இந்த வீடுகளில் அதற்குப் பெயர் கை நீட்டுவது. குடும்ப நல ஆய்வில் அறைந்தாரா, தள்ளிவிட்டாரா, தலைமுடியைப் பிடித்து இழுத்தாரா என்று ஒவ்வொரு செயலாகத்தான் கேட்கிறார்கள். தனிமை கிடைக்காவிட்டால் அந்தப் பகுதியையே விட்டுவிடுகிறார்கள். அதைப் பின்பற்றுங்கள். கேள்வித்தாளை அச்சடிக்கும் முன் எங்கள் மையத்தில் தரை துடைக்கும் அக்காவிடமும், முன்பு எங்களிடம் உதவி பெற்று இப்போது எங்களோடு வேலை செய்யும் இருவரிடமும் படித்துக் காட்டுங்கள். அவர்கள் எங்கே புருவத்தைச் சுருக்குகிறார்களோ, அங்கே அந்த வாக்கியத்தை அடித்து மாற்றுங்கள்.

"எங்கள் சேவையில் திருப்தியா? ஒன்று முதல் ஐந்துவரை" என்ற கேள்வியால் எந்தப் பயனும் இல்லை. எல்லாரும் ஐந்து என்பார்கள். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தவர்களைப் பற்றி யார் குறை சொல்வார்கள்? "மறுபடி இங்கே வர வேண்டியிருந்தால் எது கஷ்டமாக இருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். கழிப்பறைக் கதவின் தாழ்ப்பாள் சரியில்லை, வாசலில் நிற்கும்போது தெருவே பார்க்கிறது, அன்று வேறொரு ஆலோசகர் இருந்தால் முதலிலிருந்து மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது என்று வரும். தாழ்ப்பாளை அன்று மாலையே மாற்றினோம்.

சட்டம் உங்களையும் தொடும்

வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொல்வதற்குச் சட்டத்தில் உள்ள பாதுகாப்பு, ஆய்வாளரிடம் சொல்வதற்கு இல்லை. உங்கள் ஒலிப்பதிவையும் குறிப்பேட்டையும் நீதிமன்றம் கேட்டால் கொடுத்தாக வேண்டும். வழக்கு நடந்துகொண்டிருக்கும் பெண்ணிடம் சம்பவத்தை விவரமாகக் கேட்டுப் பதிவு செய்தீர்கள் என்று வையுங்கள். நடுவர் முன் கொடுத்த வாக்குமூலத்தில் இரவு எட்டு மணி என்றும் உங்கள் பதிவில் ஒன்பது என்றும் இருந்தால், குறுக்கு விசாரணையில் அது அவர் மீதே திரும்பும். ஆகவே நடந்துகொண்டிருக்கும் வழக்குகளில் சம்பவத்தைக் கேட்கவே கேட்காதீர்கள். அதன் பிறகு யாரிடம் போனார், எவ்வளவு காத்திருந்தார், யார் எப்படிப் பேசினார் என்று கேளுங்கள். உங்கள் ஆய்வுக்குத் தேவையானது பெரும்பாலும் அதுதான்.

குழந்தைகள் விஷயம் இன்னும் கண்டிப்பானது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, ஒரு குழந்தை பாலியல் குற்றத்துக்கு ஆளானது தெரியவந்தால் யாராக இருந்தாலும் தெரிவித்தே ஆக வேண்டும். ஆய்வாளருக்கு விலக்கு இல்லை. "நீ சொல்வதை யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அழைத்தால், அந்தக் குழந்தை இனி எந்தப் பெரியவரையும் நம்பாது. எதை ரகசியமாக வைக்க முடியும், எதை முடியாது என்பதை முதல் நிமிடத்திலேயே, குழந்தைக்குப் புரியும் சொல்லில் சொல்லுங்கள்.

பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் பெயரையோ, அவரை அடையாளம் காட்டும் எதையுமோ வெளியிடுவது இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டுவரை சிறைக்குரிய குற்றம். பெயரை மாற்றினால் போதும் என்று நினைக்கிறார்கள். "34 வயது, புளியந்தோப்பு, இரட்டைப் பெண் குழந்தைகள், இடது கையில் தீக்காயம்" என்று எழுதினால் அந்தத் தெருவுக்குப் பெயர் எதற்கு? புளியந்தோப்பை வட சென்னை ஆக்குங்கள், 34ஐ முப்பதுகளில் என்று ஆக்குங்கள், இரட்டையரை எடுத்துவிடுங்கள். அட்டவணையில் ஒரு கட்டத்தில் ஐந்து பேருக்குக் குறைவாக இருந்தால் பக்கத்துக் கட்டத்தோடு சேர்த்துவிடுங்கள்.

பதிவை எழுத்தாக்குகிறவரும் இருக்கிறார்

ஒலிப்பதிவைக் கேட்டுக் கேட்டு எழுத்தாக்கும் மாணவர்களைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. காதில் கருவியை மாட்டிக்கொண்டு, விடுதி அறையில் தனியாக, ஒரு பெண் அழும் பதிவை நிறுத்தி நிறுத்தி ஆறு முறை கேட்க வேண்டும். ஒரு மாணவி இரண்டு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவள் தோழி என்னிடம் வந்து சொன்னாள். அதிலிருந்து ஒரு நாளைக்கு ஒரு பதிவுதான், பகலில்தான், எங்கள் மையத்திலேயே உட்கார்ந்துதான் என்று வைத்திருக்கிறோம். முடித்ததும் எங்களில் ஒருவரோடு டீ குடித்துவிட்டுத்தான் போக வேண்டும்.

திருப்பிக் கொடுப்பது

இந்த ஊருக்கு இதில் ஒரு பழைய உறவு இருக்கிறது. பாதிக்கப்பட்டோரைப் பற்றிய ஆய்வுக்கென இந்தியச் சங்கம் ஒன்று சென்னையில் உருவானதும், தமிழகத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் ஆயிரம் விளக்கில் திறக்கப்பட்டதும் ஒரே ஆண்டில், 1992இல். படிப்பும் சேவையும் இவ்வளவு அருகில் இருந்தும், எங்கள் மையத்தில் நடந்த ஆய்வுகளில் பெரும்பாலானவற்றின் முடிவு எங்களுக்கு வந்து சேரவில்லை. அந்த ஏடுகள் எந்த நூலகத்தில் இருக்கின்றன என்பதுகூட எங்களுக்குத் தெரியாது.

எங்களுக்கு வேண்டியது தமிழில் இரண்டு பக்கம், ஒரு பிற்பகல். அந்த இரண்டு பக்கத்தை எங்கள் காவலாளி அண்ணன் படித்தாலும் புரிய வேண்டும். அந்தப் பிற்பகலில் ஆலோசகர்கள், குடும்ப வன்முறைச் சட்டப்படி நியமிக்கப்பட்ட பகுதிப் பாதுகாப்பு அலுவலர், முடிந்தால் மகளிர் காவல் நிலையத்திலிருந்து ஒருவர் உட்கார வேண்டும். பேட்டி கொடுத்தவர்களில் விரும்புகிறவர்களுக்குத் தனியாக, தனி நாளில் சொல்ல வேண்டும். கட்டுரை ஆங்கிலத்தில் எந்த ஆய்விதழில் வேண்டுமானாலும் வரட்டும், மகிழ்ச்சிதான். ஆனால் தமிழ்த் தாள் அதற்கு முன்பே வந்துவிட வேண்டும். ஆய்விதழுக்காகக் காத்திருக்கும் ஓராண்டில் எங்கள் பெஞ்சில் எத்தனையோ பேர் உட்கார்ந்து எழுந்துவிடுவார்கள்.

கடைசி வேலை ஒன்று இருக்கிறது. ஒப்பந்தத்தில் எழுதிய நாள் வந்ததும் ஒலிப்பதிவுகளை அழிக்க வேண்டும். மடிக்கணினியில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, மறந்துபோய் மின்னஞ்சலில் ஒன்று என்று அவை எப்போதும் மூன்று இடத்தில் இருக்கும். மடிக்கணினியை எடுத்துக்கொண்டு எங்கள் மையத்துக்கே வாருங்கள். ஒருவர் ஒலிப்பதிவின் எண்ணைப் படிக்க, மற்றவர் தேடி அழிப்பார். பிறகு பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் தேதியை எழுதி இருவரும் கையெழுத்திடுவோம். அந்தப் பக்கத்தில் இதுவரை ஏழு தேதிகள் இருக்கின்றன.